முப்பத்தெட்டு விநாடி

சென்ற வாரம் ஏகாம்பரத்தைக் குளியலறைக் கதவுக்கு வெளியே, கையில் செல்போனும் கதவில் காதுமாக நிற்க வைத்துவிட்டு வந்தோம். ஒரு வாரமாக அங்கேயே நிற்கிறானோ என்று யாரும் பதற வேண்டாம். நடுவில் அவன் ஆறு நாள் வேலைக்குப் போய்வந்தான். ஆனால் விடிந்தால் அதே கதவு, அதே காது.

உள்ளே அவன் மகன் சரண் சிறுநீர் கழித்துக்கொண்டிருந்தான். வயது ஆறு, ஒன்றாம் வகுப்பு. வெளியே அப்பா நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

மண்ணூர்பேட்டையில், பம்புக்கு உதிரி பாகம் செய்கிற கம்பெனியில் ஏகாம்பரத்துக்குப் பதினாறு வருஷமாகத் தரப் பரிசோதனை வேலை. எதையும் அளந்து, கட்டம் போட்ட தாளில் எழுதாவிட்டால் அது நடந்ததாகவே அவனுக்குத் தோன்றாது. தாலி கட்டியது எத்தனை மணி எத்தனை நிமிஷம் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வான். அன்று பானுப்பிரியா என்ன நிறத்தில் புடவை கட்டியிருந்தாள் என்று மட்டும் கேட்கக் கூடாது.

உள்ளே சத்தம் நின்றது. ஏகாம்பரம் செல்போனை அழுத்தினான். முப்பத்தெட்டு விநாடி.

ஜூலையில் பத்தொன்பது. ஆகஸ்டில் இருபத்தாறு. இப்போது செப்டம்பர்.

"இன்னாங்க இது, காலங்காத்தால," என்றாள் பானுப்பிரியா, தலையில் துண்டோடு. "அவன் நிம்மதியா ஒண்ணுக்குக்கூடப் போவக் கூடாதா?"

"ஏறிகினே போவுது பானு."

"தக்காளி வெலையும்தான் ஏறிகினு கீது. அதையும் கதவுல காது வெச்சா கேக்கிறீங்க?"

கதவு திறந்தது. சரணின் பனியன் முன்பக்கம் நனைந்திருந்தது. இடுப்பில் இல்லை, நெஞ்சுக்குக் கீழே.

"ப்பா, இன்னிக்கு ஜன்னல் வரைக்கும் போச்சு."

"எரிஞ்சுதாடா?"

பையன் அம்மாவைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். "கொஞ்சூண்டு," என்றான்.

கதையை இந்த வாரம்தான் கையில் எடுப்பவர்களுக்காக: சரணுக்கு முன்தோல் இறுக்கம் இருந்தது. சிறுநீர் போகும்போது தோல் பலூனாக உப்பும், பையன் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுவான். பொங்கல் முடிந்ததும் டாக்டர் நிவேதிதா ஒரு களிம்பு எழுதித் தந்தார். காலை, மாலை, ஆறு வாரம். பலிக்கவில்லை. மே மாத விடுமுறையில் அந்தத் தோலை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பத்து நாளில் புண் ஆறியது, பையன் ஓடியாடினான், எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

அடுத்த தெருவில் சுன்னத் என்று பந்தல் போட்டு, பையனுக்கு மாலை போட்டு, ஊரைக் கூட்டிப் பிரியாணி போட்டுச் செய்கிற காரியம் இது. முகப்பேரின் இந்த மூன்றாம் மாடி வீட்டில் மட்டும் அதற்குக் 'குடலிறக்க ஆபரேஷன்' என்று பெயர் வைத்தார்கள். வைத்தவர் பானுப்பிரியாவின் அண்ணன் இராமகிருஷ்ணன்.

இராமகிருஷ்ணன் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. இருபது வருஷமாகக் கழுத்தில் டை, கையில் தோல் பை. குடும்பத்தில் யார் தும்மினாலும் முதல் போன் நெமிலிச்சேரிக்கு, அவருக்குத்தான் போகும். டாக்டருக்கு இரண்டாவது இடம்.

இப்போதும் பானுப்பிரியா போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"முப்பத்தெட்டா? நார்மல்," என்றார் இராமகிருஷ்ணன், கேள்வி முடிவதற்குள். "கம்ப்ளீட்லி நார்மல். ப்ளாடர் கெப்பாசிட்டி டெவலப் ஆகுது மாப்ளே."

"போன மாசம் இருபத்தாறுதான் மச்சான்."

"வளர்ற பையன். சட்டை சைஸ் ஏறல? அதுமாதிரி இதுவும் ஏறும்."

"தண்ணி மேல்நோக்கிப் போவுது மச்சான்."

"போகட்டுமே. கீழே போனாத்தான் வீரமா? சாயங்காலம் டாக்டர் ரூமுக்கு நானே வரேன். எங்க ஃபீல்டு லாங்குவேஜ்ல பேசினாத்தான் அவங்களுக்குப் புரியும்."

போனை வைத்தபின் பானுப்பிரியா கைப்பையைத் திறந்து உள்ளே எதையோ பார்த்தாள். மூடினாள். ஜிப் முழுக்க மூடியதா என்று இன்னொரு தரம் இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.

"அந்தப் பேப்பரை மடிச்சு வையுங்க," என்றாள். "இன்னிக்கு ஸ்கூல்ல பசுமை விழா. நம்ம புள்ளைக்குப் பரிசு கொடுக்கறாங்க. அங்கயாவது அளக்காம கைதட்டுங்க."

பள்ளியில் மரத்தைப் போற்றும் விழா. மேடைப் பந்தலில் இடிக்கிறதென்று முதல் நாளே புங்க மரத்தில் இரண்டு கிளைகளை வெட்டியிருந்தார்கள். அந்த இடத்துக்கு நேர் கீழே நின்று தாளாளர் நாற்பது நிமிஷம் நிழலின் அருமையைப் பற்றிப் பேசினார். பெற்றோர்கள் வெயிலில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்' என்று அச்சடித்த தண்ணீர் பாட்டில் தந்தார்கள். பாட்டில் பிளாஸ்டிக்தான்.

பிறகு சரணை மேடைக்கு அழைத்தார்கள்.

"முல்லைக்குத் தேர் தந்தான் பாரி," என்றார் தாளாளர், குரலை ஏற்றி. "இதோ, பாதாம் செடிக்குத் தன் பாட்டிலையே தந்தான் இந்தப் பாலகன். தினந்தோறும் தான் குடிக்க வைத்திருந்த நீரை, தாகத்தையும் பாராமல், செடிக்கு ஊற்றி வளர்த்திருக்கிறான் என்று இவனுடைய வகுப்பாசிரியை வர்ஷா என்னிடம் சொன்னபோது, என் கண்கள் கலங்கின."

கலங்கிய கண்களோடு அவர் பையன் சட்டையில் பச்சை பேட்ஜைக் குத்தினார். 'பசுமைக் காவலன்'. ஊசி சட்டையில் ஏற மறுத்தது. மூன்றாவது முயற்சியில் ஏறியது.

பானுப்பிரியா கணவன் பக்கம் திரும்பினாள். "தெனம் பாட்டில் காலியா வரும். நல்லாத் தண்ணி குடிக்கிறான்னு நெனைச்சேன்," என்றாள். "பாருங்க, செடிக்கு ஊத்தியிருக்கு என் தங்கம்."

ஏகாம்பரம் கைதட்டினான். கேட்டதில் எங்கேயோ ஓர் அளவு இடித்தது. எது என்று பிடிபடுவதற்குள் தேசிய கீதம் வந்துவிட்டது.

மாலை ஐந்து மணி. டாக்டர் நிவேதிதாவின் அறையில் நாற்காலி இரண்டு. இராமகிருஷ்ணன் ஒன்றில் உட்கார்ந்து டையை நீவிக்கொண்டார். பானுப்பிரியா மற்றதில், மடியில் கைப்பையோடு. ஏகாம்பரம் பின்னால் நின்றான். சரண் பேட்ஜைக் கழற்ற மாட்டேன் என்று சாதித்து அதோடேயே வந்திருந்தான்.

டாக்டர் ஏகாம்பரத்தின் தாளை வாங்கிப் பார்த்தார். முதலில் சிரிக்கப் போகிற முகம் இருந்தது. இரண்டாம் பக்கத்தில் அது போய்விட்டது.

"இதை யார் எழுதினது?"

"நான்தான் மேடம். தப்பா எடுத்துக்காதீங்க. என் வேலையே அது."

"தேதி, நேரம், எத்தனை விநாடி, எந்தப் பக்கம் போச்சு, அழுதானா." டாக்டர் படித்தார். "'இடது மேல், ஏறக்குறைய நாற்பத்தைந்து டிகிரி.' உங்க பேனாவைக் கொஞ்சம் குடுங்க."

பேனாவை வாங்கி, எண்கள் ஏறுகிற இடத்தையெல்லாம் வட்டமிட ஆரம்பித்தார்.

இராமகிருஷ்ணன் கனைத்தார். "மாப்ளே கொஞ்சம் ஓவர், டாக்டர். நானும் உங்க ஃபீல்டுதான். இந்த மாதிரி வேரியேஷன்ஸ் எல்லாம் நார்மல்னு இவங்ககிட்ட அப்பவே சொன்னேன்."

"அப்படியா சார். எந்தப் பக்கம் பார்க்கறீங்க? இதயமா, சர்க்கரையா?"

"ஃபார்மா."

"சரி சார். ஃபார்மாவுல எது?"

"லைவ்ஸ்டாக் டிவிஷன்."

வட்டமிட்ட பேனா நின்றது. "மாடா?"

"ஆடும் உண்டு," என்றார் இராமகிருஷ்ணன்.

பானுப்பிரியா அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். இருபது வருஷம். தன் பிரசவத்துக்கு, மாமியாரின் சர்க்கரைக்கு, பக்கத்து வீட்டுக்காரரின் மூட்டுவலிக்கு, எல்லாவற்றுக்கும் இவரைத்தான் கேட்டிருக்கிறாள். இராமகிருஷ்ணன் சுவரிலிருந்த தடுப்பூசி அட்டவணையைக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தார்.

டாக்டர் பையனைப் பக்கத்தில் அழைத்தார். "பேட்ஜ் ஜோரா இருக்கே. எதுக்குக் குடுத்தாங்க?"

"செடிக்குத் தண்ணி ஊத்தினேன்."

"எந்தத் தண்ணி?"

"என் பாட்டில் தண்ணி."

"நீ குடிக்கலையா?"

"ஒரு வாய் குடிப்பேன். மீதியை ஊத்திடுவேன்."

"ஏன் கண்ணா?"

சரண் அப்பாவைப் பார்த்தான். அப்பா தலையாட்டினான்.

"குடிச்சா ஒண்ணுக்கு வரும். வந்தா எரியும். சட்டையெல்லாம் நனைஞ்சிடும். எங்க கிளாஸ் விஷால் என்னைப் பம்புன்னு கூப்பிடறான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"தரையில ஊத்தினா மத்தவங்க வழுக்கி விழுவாங்க இல்ல," என்று பையன் விளக்கினான். "அதான் செடியில ஊத்தினேன். செடி தானா வளந்துடுச்சு."

ஏகாம்பரத்துக்குக் காலையில் இடித்த அளவு எது என்று இப்போது பிடிபட்டது. பானுப்பிரியா மகனின் சட்டையிலிருந்த பச்சை வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாரி வள்ளல் காலை எட்டு மணியிலிருந்து மூன்றரை வரை தண்ணீர் குடிக்காமல், ஒண்ணுக்குப் போகாமல் இருந்திருக்கிறான். அதற்கு நாம் கைதட்டியிருக்கிறோம்.

திரைக்குப் பின்னால் பையனைப் பரிசோதித்துவிட்டு டாக்டர் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"ஆபரேஷன் பண்ண இடம் நல்லா ஆறியிருக்கு. ஆனா சிறுநீர் வெளியே வர்ற வாய் சுருங்கியிருக்கு. தோல் இருந்தவரைக்கும் அந்த இடம் பொத்தி இருந்தது. தோல் போனதும் துணி உரசும், லேசாப் புண்ணாகும், ஆறும்போது ஓரம் ஒட்டிக்கும். இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் சில பையன்களுக்கு இப்படி ஆகும். நிறையப் பேருக்கு ஆகாது. ஆகறவங்களுக்கும் மாசக்கணக்குல கழிச்சுத்தான் தெரியும்."

"பெரிய கஷ்டமா மேடம்?" என்றாள் பானுப்பிரியா.

"இல்லம்மா. லேசா மயக்கம் குடுத்து, ஒட்டினதை விரிச்சு விடணும். பத்து நிமிஷ வேலை. புதன்கிழமை வாங்க, அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம். இந்தத் தாள் இல்லைன்னா ஆறு மாசம் கழிச்சு, சிறுநீர்ல கிருமியோட, காய்ச்சலோட வந்திருப்பீங்க. அப்பாவுக்குத்தான் ஒரு பேட்ஜ் தரணும்."

ஏகாம்பரத்துக்கு முகம் மலர நேரம் கிடைக்கவில்லை. டாக்டர் பையனின் பழைய ஃபைலைத் திறந்துவிட்டார்.

"எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரணும். ஆறு வாரம் களிம்பு போட்டும் அந்தத் தோல் துளி இளகல. அதை வெச்சுத்தான் ஆபரேஷன்னு முடிவு பண்ணினேன். இப்ப மறுபடியும் இறுகுது. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா, தோலே தடிச்சுக் கெட்டியாகிற ஒரு வியாதி உண்டு. அதுவான்னு யோசிக்கணும். அதுவா இருந்தா துணுக்கு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும், வருஷக்கணக்கா விடாமப் பார்க்கணும்." ஒரு தாளை உருவித் திருப்பிக் காட்டினார். "இந்தக் களிம்பு சார்ட்டும் நீங்க எழுதினதுதானே?"

அவனுடையதுதான். ஸ்கேல் வைத்துப் போட்ட கட்டம். நாற்பத்திரண்டு நாள், நாளுக்கு இரண்டு. எண்பத்து நான்கு டிக், ஒன்றுகூடப் பிசகாமல்.

"இதுவும் அதே மாதிரி சரியா எழுதினதுதானே?"

போன மாதம் கம்பெனியில் அய்யாசாமி என்கிற ஆபரேட்டர், பாகத்தை அளக்காமலேயே அளவு எழுதிவைத்தான் என்று ஏகாம்பரம்தான் ரிப்போர்ட் போட்டான். மூன்று நாள் சஸ்பென்ஷன். போகும்போது அய்யாசாமி கோபப்படக்கூட இல்லை. "இன்னா சார், பேனாதானே ஓடிச்சு, மிஷினா ஓடிச்சு?" என்றான். அதற்கு ஏகாம்பரம் நேர்மையைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினான். தாளாளரே கேட்டிருந்தால் கண் கலங்கியிருப்பார்.

"மேடம்," என்றான் இப்போது. "அதுல முதல் பதினெட்டுதான் நிஜம்."

டாக்டர் நிமிர்ந்தார்.

"ஒம்போது நாள் போட்டேன். அப்புறம் பயந்துட்டேன். அதுல ஸ்டீராய்டு இருக்கு, பையன் வளர்ச்சி நின்னுடும்னு... நிறுத்திட்டேன். டிக் மட்டும் போட்டுகினே வந்தேன். அறுபத்தாறு டிக் மேடம். வீட்லயும் சொல்லல."

"யார் சொன்னது, வளர்ச்சி நின்னுடும்னு?"

தடுப்பூசி அட்டவணையில் இராமகிருஷ்ணன் இப்போது மூன்றாவது முறையாகப் போலியோவைப் படித்துக்கொண்டிருந்தார். கழுத்து வியர்த்திருந்தது.

"எங்கயோ படிச்சேன் மேடம்," என்றான் ஏகாம்பரம்.

பானுப்பிரியா திரும்பவில்லை. மடியிலிருந்த கைப்பையின் ஜிப்பைப் பாதி இழுத்தாள். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். மறுபடி மூடினாள்.

"அப்போ அந்த ஆபரேஷனே..." என்றான் ஏகாம்பரம். "களிம்பை ஒழுங்காப் போட்டிருந்தா, அதுவே தேவைப்பட்டிருக்காதா மேடம்?"

டாக்டர் பேனாவின் மூடியைத் திறந்து மூடினார்.

"பத்துப் பையன்ல ஏழெட்டுப் பேருக்குக் களிம்புலயே சரியாகும். மத்தவங்களுக்கு ஆகாது. இவன் எந்தப் பக்கம் இருந்திருப்பான்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. இனிமே யாருக்கும் தெரியாது." தாளை ஃபைலுக்குள் வைத்தார். "கோபம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். பயமா இருந்தா எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம். வெளியே மேல தடவற களிம்பு அது. அந்த அளவுக்கு வளர்ச்சியெல்லாம் நிக்காது. ஆனா இன்னிக்கு இதை நீங்க சொல்லலைன்னா, இல்லாத வியாதியைத் தேடி இந்தப் பிள்ளையை இழுத்தடிச்சிருப்பேன். புதன்கிழமை கண்ணால ஒருதரம் பார்த்துடறேன். மிச்சக் களிம்பு இருக்கா?"

"இருக்கும் மேடம். வெச்சிருக்கேன்."

"கொண்டு வாங்க. எவ்வளவு செலவாகியிருக்குன்னு நானே பார்க்கணும். தப்பா நினைக்காதீங்க, இனிமே டிக்கை நம்ப மாட்டேன்." பிறகு பையனிடம் குனிந்தார். "நீ நிறையத் தண்ணி குடிக்கணும். செடியை வாட்ச்மேன் பார்த்துப்பார். சரியா?"

"செத்துடாதே?"

"சாகாது."

பானுப்பிரியா புதன்கிழமைக்கு நேரம் வாங்க கவுண்டரில் நின்றாள். இராமகிருஷ்ணன் வண்டி நிறுத்துமிடம் வரை ஏகாம்பரத்தின் பின்னாலேயே வந்தார். டையைத் தளர்த்தியிருந்தார். அவரை அப்படிப் பார்ப்பது ஏகாம்பரத்துக்கு இதுதான் முதல் தடவை.

"என் பேரைச் சொல்லியிருக்கலாம் மாப்ளே."

"சொல்லி இன்னா ஆவப்போவுது மச்சான். டிக் போட்டது நீங்களா, நானா?"

இராமகிருஷ்ணன் தோல் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "ஸ்டீராய்டு ஆபத்துன்னு நான் சொன்னது பொய் இல்ல. எங்க புஸ்தகத்துல எழுதியிருக்கு. முதல் பக்கத்துலயே, பெரிய எழுத்துல." நிறுத்தினார். "சினை மாட்டுக்குப் போடக் கூடாதுன்னு."

ஏகாம்பரம் அவரைப் பார்த்தான். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. திட்ட வேண்டும் என்று வந்த வார்த்தை பாதி வழியில் திரும்பிப் போயிற்று.

"டீ சாப்பிடறீங்களா மச்சான்?"

"வேணாம்பா. ரயிலுக்கு நேரமாச்சு," என்று இராமகிருஷ்ணன் நடந்தார். ஷேர் ஆட்டோவில் ஏறும்போது டையைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டதை ஏகாம்பரம் மட்டும்தான் பார்த்தான்.

ஸ்கூட்டரில் மூன்று பேரும் வீடு திரும்பினார்கள். நடுவில் உட்கார்ந்து சரண், பள்ளியில் தந்த புது பாட்டிலிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டே வந்தான். ஒவ்வொரு சிக்னலிலும் எத்தனை வாய் என்று சொன்னான். அப்பன் பிள்ளை.

மூன்றாவது சிக்னலில் பானுப்பிரியா கேட்டாள். "ஒம்போது நாளா?"

"ஒம்போது."

"தெனம் ராத்திரி எங்கிட்ட அந்தச் சார்ட்டைக் காட்டினீங்க."

"காட்டினேன்."

பச்சை விழுந்தது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. அவள் வேறெதுவும் கேட்கவில்லை. அவன் எதிர்பார்த்த கத்தல், அழுகை, அம்மா வீட்டுக்குப் போகிறேன், எதுவும் வரவில்லை. அது ஏன் வரவில்லை என்பதை யோசிக்கிற நிலையில் அவனும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பானுப்பிரியா கைப்பையைச் சமையலறை நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். ஏகாம்பரம் நேரே கட்டிலுக்கு அடியிலிருந்த தன் டூல் பாக்ஸை இழுத்தான். அதற்குள், ஸ்பேனர்களுக்கு அடியில்தான் அந்தக் களிம்பு டியூபை ஒளித்து வைத்திருந்தான். இந்த வீட்டில் அவனைத் தவிர வேறு யாரும் திறக்காத பெட்டி அது.

டியூப் இல்லை.

ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தரையில் வரிசையாக அடுக்கினான். ஸ்பேனர் ஏழு, ஸ்க்ரூ டிரைவர் நான்கு, இடுக்கி, டெஸ்டர். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினான். ஓர் ஆணி விழுந்தது.

"பானு, என் பெட்டியை நீ தொறந்தியா?"

"தேடுங்க," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "அங்கதான் இருக்கும்."

அங்கே இருக்காது என்று அவளுக்குத் தெரியும். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிக்ஸி ஜாரின் திருகு கழன்றது. ஏகாம்பரம் கடைக்குப் போயிருந்தான். ஸ்க்ரூ டிரைவர் தேடிப் பெட்டியைத் திறந்தவள் கையில் டியூப் அகப்பட்டது. அழுத்திப் பார்த்தாள். கெட்டியாக, ஏறக்குறைய முழுசாக இருந்தது; திரும்ப வைக்காமல் எடுத்துக்கொண்டாள். அன்று ராத்திரியும் அவன் சார்ட்டில் டிக் போட்டுக் காட்டினான். அவளும் பார்த்து, "சரி" என்றாள்.

அதே வாரம்தான் அண்ணன் அவளிடமும் சொல்லியிருந்தார், ஸ்டீராய்டு, வளர்ச்சி நின்றுவிடும் என்று. பெட்டியில் டியூபைப் பார்த்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. நிம்மதியாக இருந்தது. நிறுத்தச் சொல்கிற பழி தனக்கு இல்லை என்கிற நிம்மதி.

ஏழு மாதம் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருந்ததை இன்று காலை கைப்பைக்கு மாற்றினாள். டாக்டரின் மேஜையில் எடுத்து வைத்துவிட வேண்டும் என்றுதான் போனாள். ஏகாம்பரம் முந்திக்கொண்டான். முழுப் பழியையும் ஒருவன் தலையில் ஏற்றிக்கொண்டு நிற்கும்போது, பாதியைக் கேட்டு வாங்குவது லேசான காரியம் இல்லை.

"ம்மா, ஒண்ணுக்கு வருது," என்று ஓடினான் சரண். "முழு பாட்டில் குடிச்சிட்டேன்."

குளியலறைக் கதவு மூடியது. ஏகாம்பரம் பழக்கத்தில் செல்போனை எடுத்து, எடுத்த கையை அப்படியே கீழே இறக்கினான்.

"இன்னா பார்த்துகினு கீறீங்க?" என்றாள் பானுப்பிரியா, தோசைக் கல்லிலிருந்து கண் எடுக்காமல். "போங்க. நேரத்தைப் பாருங்க."

அந்த ஒரு சொல்லுக்காகவே காத்திருந்தவன் போலப் போய்க் கதவோடு நின்றான். உள்ளே பையன், எரியும்போது பாடுகிற பாட்டை முணுமுணுத்தான். முடிந்தது.

"நாப்பத்தொண்ணு," என்று ஏகாம்பரம் சமையலறை வாசலுக்கு வந்தான். முகம் வெளிறியிருந்தது. ஆனால் கையில் தாள் தயாராக இருந்தது. "இன்னிக்கு ஒண்ணாவது ஒழுங்கா எழுதறேன் பானு." சட்டைப் பையைத் தடவினான். கால்சட்டையைத் தடவினான். "பேனா டாக்டர்கிட்டயே போயிடுச்சு. உன் பையில ஒண்ணு கீதா?"

கேட்டுக்கொண்டே நாற்காலி முதுகிலிருந்த கைப்பையை எடுத்து, ஜிப்பில் விரல் வைத்தான்.

கல்லில் தோசை கருகத் தொடங்கியிருந்தது. பானுப்பிரியா அடுப்பை அணைத்தாள்.